சாரத்திலிருந்து இறங்கி நின்ற மரியதாஸ்

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது. மரியதாஸ் அண்ணனின் மகள் சகாயம். "சித்தப்பா, அப்பா எழுந்திரிக்கல. நெஞ்சடைப்பாம். டாக்டர் பாத்துட்டுப் போயிட்டாரு" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

வரதராஜன்பேட்டை மரியதாஸ் அண்ணனும் மீன்சுருட்டி ஊர்க்காரனான நானும் ஒரே குழுவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர்கள். எத்தனை உயரமானாலும் முதல் குழாயை அவர்தான் பூட்டுவார். மேலே போய்விட்டால் மெதுவாகச் சீட்டியடிப்பார். கீழே அதிகம் பேசமாட்டார்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் புதுக் கட்டடம் எழும்பியபோது, பாதுகாப்புத் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் கேட் பாஸ் என்றார்கள். இருவரும் பஸ்ஸிலேயே படித்தோம். நான் போனைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்வார். ஒருநாள் ஜன்னலோரம் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டேன். பதிலே இல்லை. கோபமோ என்று தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இந்தக் காது போயி ரொம்ப நாளாச்சு சேகரு. வூட்டுல மட்டுந்தான் தெரியும்."

அன்று மாலை அவர் வீட்டில் இதே பேச்சு. "தேர்வுல சொல்லாம இருந்துடுங்க. சகாயம் நர்சிங் முடிக்கிற வரைக்குமாவது" என்றார் அவர் மனைவி ஆரோக்கியமேரி.

அண்ணன் தட்டில் கை வைத்தபடி இருந்தார். "இத்தன நாளு மாதிரி மறைச்சுட்டு ஏறிடலாம் மேரி. கீழேருந்து ஒருத்தன் விலகுன்னு கத்துனா, எந்தப் பக்கம் விலகுறது? என் மேல விழுந்தாலும் பரவால்ல. பக்கத்துல நிக்கிறவனும்ல போவான்."

தேர்வு நாளன்று, சைரன் ஒலித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அதிகாரி. "எல்லாரும் கூடுற எடத்துக்குப் போவணும் சார்" என்ற அண்ணன் உட்காரவில்லை. "ஆனா எனக்கு இடது காது கேக்காதுங்க. எங்கேருந்து அடிக்குதுன்னு தெரியாது. எழுதிக்குங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தேறினார். ஆனால் ஆலை டாக்டர் உயரத்தில் வேலை கூடாது என்றுவிட்டார். தரையில் நின்று எங்கள் இடுப்புப் பெல்ட்டுகளையும் கயிறுகளையும் சோதித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. அவருக்கு அதைவிட வலித்தது வேறொன்று. நான் இறங்கி வரும்போதெல்லாம், "மேல காத்து எப்புடி?" என்று கேட்பார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருமுறை தையல் பிரிந்த பெல்ட் ஒன்றை அவர் ஒதுக்கி வைத்தார். வேலை நிற்கிறதே என்று மேஸ்திரி அதை எடுத்து என்னிடம் நீட்டினார். அண்ணன் குறுக்கே வந்து பிடுங்கினார்.

"இன்னொருக்கா தொட்டீன்னா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மேஸ்திரி கத்தினார்.

"அனுப்புங்க. போறேன்" என்ற அண்ணன், கத்தியை எடுத்து எங்கள் கண்முன்னே அந்தப் பெல்ட்டை இரண்டாக அறுத்துப் போட்டார். நான் ஏறவில்லை, மற்றவர்களும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் புதுப் பெல்ட்டுகள் வந்தன. அண்ணனை யாரும் அனுப்பவில்லை. சாப்பிடும்போது மட்டும், "பயந்துட்டேன் சேகரு. புள்ள படிப்பு ஞாபகம் வந்துடுச்சு" என்றார்.

சகாயம் இப்போது பெரம்பலூரில் நர்ஸாக இருக்கிறாள். முதல் நாள் அவள் வெள்ளை உடுப்போடு எடுத்த படத்தை, அண்ணன் சைட்டில் ஒருவர் விடாமல் காட்டினார்.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க எங்கள் குழுவே முன்னால் வந்தது. குழி வெட்டியவர் கயிறுகளைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். யாரும் உத்தரவு சொல்லவில்லை. அவரவர் பக்கத்துக் கயிற்றை ஒரே சீராக விட்டோம். எந்தப் பக்கமும் சாயாமல், எங்கும் இடிக்காமல், பெட்டி மெல்லத் தரை தொட்டது.

போயிட்டு வாங்கண்ணே.