மேரி வளைத்த ஆறுமுனை நட்சத்திரம்

கோயில், சர்ச், கல்யாண மண்டபம் என்று பேதம் பார்க்காமல் காஞ்சிபுரம் முழுக்க சீரியல் லைட் கட்டுபவள் மேரி. கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் ஓரிக்கைப் பக்கத்து முருகன் கோயில் கமிட்டி ஆடிக் கிருத்திகைக்கு அவளைக் கூப்பிட்டது. செயலாளர் ராமராஜன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"முருகனுக்கு ஆறுமுனை ஸ்டார் வேணும்மா. ஒரே ரோப் லைட். வெட்டி ஒட்டக்கூடாது. போன வருஷம் ஒட்டுன எடத்துல மழைத்தண்ணி பூந்து, சாமி இருட்டுல ஊர்வலம் போச்சு."

"அஞ்சு வளைச்சவ ஆறு வளைக்க மாட்டனா சார்?" என்றாள் மேரி. அவளுக்கு வாய் எப்போதும் கைக்கு முன்னால் போகும்.

பலகையில் வட்டமாக ஆறு ஆணி அடித்தாள். ஐந்துக்குச் செய்தது போலவே ஒன்று விட்டு ஒன்றாக லைட்டை இழுத்தாள். மூன்றாவது இழுப்பிலேயே புறப்பட்ட ஆணிக்கு வந்துவிட்டது. வெறும் முக்கோணம். இரண்டு ஆணி விட்டு இழுத்தால் எதிர் ஆணிக்குப் போய் வந்த வழியே திரும்பியது. முருகனையும் ஏசுவையும் சம மரியாதையோடு திட்டினாள்.

பார்க்க வந்த ராமராஜனுக்கு ஏக சந்தோஷம்.

"ஆறும் ரெண்டால வகுபடும், நீ தாவுற ரெண்டும் ரெண்டால வகுபடும். அதான் ரெண்டு முக்கோணமா பிரியுது. அஞ்சுல அந்தப் பிரச்சினை இல்ல. ஆறுல முருகனே வந்தாலும் முடியாதும்மா. ஏழுன்னா முடியும்."

"ஏழாவது மூஞ்சி யாருது சார், உங்களுதா?"

அவர் சிரிக்காமல் போய்விட்டார்.

வெறுப்பில், ஓரத்தையாவது சுற்றுவோம் என்று மேரி முனைகளுக்கு நடுவே உள்வாங்கும் பள்ளங்களிலும் ஆணி அடித்து, ஒரு பள்ளத்தில் தொடங்கி முனை, பள்ளம், முனை, பள்ளம் என வெளிக்கோட்டை வளைத்துக்கொண்டே வந்தாள். ஆரம்பித்த பள்ளத்துக்கு வந்தபோது மிச்ச லைட் தொங்கியது. வெட்டக்கூடாதே. அதை உள்பக்கமாக ஆறு பள்ளங்களையும் தொட்டு ஒரு சுற்று சுற்றினாள். தள்ளி நின்று பார்த்தாள். இரண்டு முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே லைட். தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

மறுநாள் ராமராஜன் விரலால் மூன்று முறை தடவிப் பார்த்தார்.

"இது போங்கு. கோடு வெட்டிக்கிற எடத்துல நேரா போகாம திரும்பிடுது."

"திரும்பக்கூடாதுன்னு நீங்க சொல்லலியே சார். ஒட்டக்கூடாதுன்னுதானே சொன்னீங்க."

காகிதம் கேட்டு வாங்கி வரைந்து பார்த்தவர், பல் பிடுங்கிக்கொண்டவர் போல முனகினார். "சரிதாம்மா."

கிருத்திகையன்று மழை கொட்டியது. நட்சத்திரம் கண்சிமிட்டாமல் எரிந்தது. ராமராஜன் குடைக்காம்பை நீட்டி நீட்டி வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்: "நாங்க கண்டுபிடிச்சது."

அந்த 'நாங்க' தொன்னையோடு நின்ற மேரியின் காதில் விழுந்தது. கேட்டுவிடலாம் என்று திரும்பினாள். அதற்குள் குருக்கள் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைக்க வந்ததால், சண்டையைத் தள்ளிவைத்தாள்.