ஒத்தடம் அக்காவின் கை

பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ஒத்தடம் அக்கா. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட வைத்தது வயதல்ல, அவருடைய முழி. ஒரு முழி முழித்தால் பெரிய பெரிய படிப்பாளிகளே கப்சிப்.

எங்கள் வேலை ஜெல் செய்வது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கரைசலை ஊற்றி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் வலை மாதிரி பின்னிக்கொள்ளும். அந்த வலை தண்ணீரைக் குடித்து உப்பும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், ஆனாலும் கையில் எடுத்தால் வழியாது. தீக்காயத்தின் மேல் போட்டால் குளிர்ச்சி. எடுக்கும்போது புதுத் தோலைப் பிய்த்துக்கொண்டு வராது, அதுதான் முக்கியம்.

எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன் மேலே நிற்கும் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அக்காவுக்குப் பெயர் வந்தது இதனால்தான். வெட்டிய ஜெல் துண்டை ஈரம் உறிஞ்சும் வடிதாளில் வைப்பார், மேலே இன்னொரு தாள், அதன்மேல் நுனிவிரல், மூன்று எண்ணும்வரை. பதினோரு வருடக் குறிப்பேடுகள் அந்த விரலை நம்பி எழுதப்பட்டவை.

“என்னக்கா, தாலாட்டும் பாடுவீங்களா?” என்பேன்.

“நீ வாயை மூடினா அதுவே தூங்கிடும்” என்பார்.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை! இன்றைக்கும் அந்த வடிதாளின் வாசனை வந்தால் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த வருடம்தான் எங்கள் ஜெல் முதன்முறையாக ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது. அடுப்பு வெடித்து இரண்டு கையும் வெந்துபோன ஒரு பேக்கரிக்காரர் அதற்காகக் காத்திருந்தார். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் தோல் பிய்ந்து வருகிறது, மனிதர் அலறுகிறார் என்று டாக்டரம்மா தினமும் போன் செய்வார். திங்கட்கிழமை சாயங்காலம் தருவதாக எங்கள் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரை நாங்கள் பெரியவர் என்போம்.

சொல்லி வைத்தாற்போல் அந்த வாரம் அக்காவின் மகளுக்குப் பிரசவம். அக்கா லீவு. எடைபோடுவது என் தலையில் விழுந்தது. என் வேலையே மலையாகக் கிடக்கிறது, இதில் இது வேறா என்று எரிச்சல். எரிச்சலோடுதான் ஒற்றினேன். எல்லாத் துண்டிலும் தண்ணீர் குறைந்தது. மறுபடி ஒற்றி எடைபோட்டேன், இன்னும் குறைந்தது. பெரியவர் எண்களைப் பார்த்து முகம் வெளுத்துப்போனார்.

“வலை ரொம்ப இறுகிடுச்சும்மா, தண்ணி பிடிக்கல. இதை நம்பி ஒரு மனுஷன் கைமேல போட முடியாது. எல்லாத்தையும் கொட்டிடு.”

புதிதாகச் செய்து, கழுவி எடுக்கப் பத்து நாள் ஆகும். இன்னும் பத்து நாள் அந்த மனிதர் அலற வேண்டும்.

நான் கொட்டவில்லை. நல்லெண்ணமெல்லாம் இல்லை. ஜெல் இருந்த பதினாறு தட்டுகளையும் தூக்கிக்கொண்டு யார் படி இறங்குவது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா பேரனின் போட்டோவோடு வந்தார். குறிப்பேட்டைப் பார்த்ததும் போட்டோவைப் பையில் போட்டுவிட்டு, நேரே குப்பைக்கூடைக்குப் போய் நான் எறிந்த வடிதாள்களைக் கிளறினார். ஒவ்வொன்றும் முழுக்க நனைந்து சுருங்கியிருந்தது.

“அடிப்பாவி! நீ ஈரத்தை ஒத்தலடி. ஜெல்லையே புழிஞ்சிருக்க.”

நான் தற்காலிக ஊழியர். பெரியவருக்குத் தெரிந்தால் அன்றோடு சரி.

“தட்டெல்லாம் எங்க?”

“கொட்டலக்கா.”

“ஏன்?”

“சோம்பேறித்தனம்.”

“உன் சோம்பலுக்கு மாலை போடணும்” என்றபடி அக்கா புதுத் துண்டுகளை வெட்டி, விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் எண்கள் பழையபடி வந்துவிட்டன.

“எப்படிம்மா இது?” என்று பெரியவர் என்னைக் கேட்டார். நான் குனிந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

அக்கா சொன்னார்: “ஒத்துறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு சார். பதினோரு வருஷமா நான் அதை எழுதியே வைக்கல. தப்பு என்னுது.”

அன்றே எழுதியும் வைத்தார். விரலுக்குப் பதில் ஒரு சின்ன எடைக்கல், மூன்று விநாடி. இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம். தன் விரலைப் பற்றி அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். அதை எனக்காக விட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் ஜெல் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். “கட்டுப் பிரிச்சோம். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தார். எல்லாம் முடிஞ்சப்புறம், ‘எப்ப பிரிப்பீங்க?’ன்னு கேக்கிறார்!” அக்காவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

போன வருடம் அக்கா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் காய்ச்சல் ஏறியது. துணியை நனைத்து நெற்றியில் வைத்தேன். இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

“அக்கா, அன்னிக்குத் தப்பு என்னுதுன்னு பெரியவர்கிட்ட நான் சொல்லவே இல்ல.”

“அவருக்கு அன்னிக்கே தெரியும்டி. நான் சொன்னதை எழுதிக்கிட்டார், அவ்வளவுதான்.” கண்ணை மூடிக்கொண்டார். “பேசாம ஒத்து.”

துணியின்மேல் நுனிவிரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

“ம். இப்பதான் உனக்குக் கை வந்திருக்கு.”

எண்ணி முடித்த பிறகும் எனக்கு விரலை எடுக்க மனம் வரவில்லை.