மாட்டுவண்டிக்கு எட்டு மதிப்பெண்

1. வண்டிகள் வந்த காலை

போக்குவரத்துக் கணக்கெடுப்பு தொடங்கிய மறுநாள் காலை, எங்கள் சாலைப் பணியாளர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "சார், ஒடனே வாங்க. மாட்டுவண்டியா வருது. டிக் அடிச்சுக் கை ஓஞ்சு போச்சு."

நான் அப்போது நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளர். ஆவுடையார்கோவில் பக்கம் ஓர் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் சாலையில்தான் கணக்கெடுப்பு நடந்தது. அந்தச் சாலையில் மாட்டுவண்டி ஓடி வெகுகாலமாகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் அது என் மாமனார் ஊர்.

ஜீப்பில் போய் இறங்கினேன். வந்துகொண்டிருந்தவை அத்தனையும் பந்தய வண்டிகள். எங்கள் மாவட்டத்தில் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமல் முடியாது. அந்த வண்டிகளை எங்கெங்கிருந்தோ திரட்டிக்கொண்டு வந்து, அங்கிட்டும் இங்கிட்டுமாக விரட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்குப் பயந்து பைக்குகள் ஊர்ந்துகொண்டிருக்க, மாடுகள் அவற்றை முந்திக்கொண்டு பறந்தன. முதல் வண்டியில் நின்றபடி ஓட்டிவந்தவன் என் மனைவியின் தம்பி முருகையன். என்னைப் பார்த்ததும் ஒரு கும்பிடு வேறு.

"மாப்ள, என்னடா கூத்து இது?"

"நீங்க சொன்ன கணக்குதான் மச்சான். ஒரு வண்டி வந்தா எட்டு காரு வந்த மாதிரியில்ல?"

அவன் சொன்னது சரி. சொல்லிக்கொடுத்த மேதாவி நான்தான்.

2. வாயைக் கொடுத்த கதை

அதற்கு ஒரு வாரம் முன்னால் மாமனார் வீட்டில் விருந்து. நான் விராலிமலைக்காரன். எங்கள் ஊரில் என்னை யாரும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. ஆனால் மாமனார் ஊரில் நான் 'ரோடு போடுற மாப்பிள்ளை'. கறிக்குழம்பு இரண்டு கரண்டி உள்ளே போய்விட்டால், நான் கடைசிவரை ஆகமுடியாத தலைமைப் பொறியாளர் எனக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

முருகையன்தான் ஆரம்பித்தான். "ஊருக்கெல்லாம் ரோடு போடுறீங்க. எங்க ரோட்டுக்கு மட்டும் ஏன் மச்சான் வர மாட்டேங்குது?"

'பார்ப்போம்ப்பா' என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டிருக்கலாம். நான் வகுப்பெடுத்தேன். வருஷா வருஷம் ஒவ்வொரு உட்கோட்டமும் ஒரு பட்டியல் அனுப்பும். கோட்டம் அதை வடிகட்டும், வட்டம் வடிகட்டும், கடைசியில் சென்னை வடிகட்டும். எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்தால் ஒரு தள்ளு கிடைக்கும். சாலை எவ்வளவு கெட்டிருக்கிறது, எப்போது போட்டது, பஸ் போகிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் முதலில் பார்ப்பது எத்தனை வண்டி போகிறது என்பதைத்தான். அதையும் தலையை எண்ணுவதுபோல எண்ணுவதில்லை. கார் என்றால் ஒன்று, பைக்குக்கு அரை, டிரெய்லர் மாட்டிய டிராக்டருக்கு நாலரை. மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிறவர்களை மறிக்கிற மாட்டுவண்டிக்கு எட்டு.

"எட்டா?" என்று முருகையன் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். என் படிப்பைக் கண்டு அசந்துபோனான் என்று நான் நினைத்தேன்.

அவன் கேட்டது ஊர்ப் பெருமைக்காக அல்ல. அவன் மகள் அபிநயா பிளஸ் டூ முடித்து அறந்தாங்கியில் கல்லூரி சீட்டு வாங்கிவைத்திருந்தாள். முன்பு ஊருக்குள் டவுன் பஸ் வரும். சாலை பல்லை இளித்ததும் பஸ்ஸுக்கு ஸ்பிரிங் பட்டை உடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து மெயின் ரோட்டில் இறங்கி நடக்கவேண்டும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய வழி. மாலையில் கல்லூரி விட்டு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும்.

"பஸ்சு உள்ள வரட்டும், அனுப்புறேன். அது வராம பொட்டப்புள்ளைய அந்த வழியில எப்புடி விடுறது?" என்று அவன் அன்றைக்கே சொன்னான். நான்தான் டிராக்டருக்கு நாலரை ஏன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

3. மேடம் சிரித்தார், பிறகு நிறுத்தினார்

வந்த வண்டியை வரவில்லை என்று எழுத முடியாது. எண்ணிக்கை அப்படியே கோட்டப் பொறியாளர் மேசைக்குப் போனது. அவர் ஒரு மேடம். கோபப்பட்டால்கூடக் குரல் உயராது. அதனாலேயே எங்களுக்கு அவரிடம் நடுக்கம்.

"என்ன சார், உங்க சப்-டிவிஷன்ல மட்டும் இன்னும் ராஜா ஆட்சியா நடக்குது? நாலு வழிச்சாலையே போட்டுறலாம் போல இருக்கே" என்றவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர் நிறுத்தியபோது என் சிரிப்பு மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போனது.

"அது யார் ஊரு சார்?"

"மாமனார் ஊருங்க மேடம்."

"அப்ப வேற சப்-டிவிஷன் ஆளு வந்து திரும்ப எண்ணட்டும்."

எண்ணினார்கள். பால் வேன், சில பைக், எப்போதாவது ஒரு டிராக்டர். அவ்வளவுதான். சாலை பட்டியலின் வாலுக்குப் போய், வாலிலிருந்தும் கழன்று விழுந்தது. அந்த வருஷப் பட்டியல் அது இல்லாமலே சென்னைக்குப் போனது. அபிநயா வீட்டிலேயே இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, தோசை சுட்டுக்கொண்டே என் மனைவி சரோஜா ஒரே கேள்விதான் கேட்டாள். "மாட்டுக்கு எட்டுன்னு ஊரக் கூட்டிச் சொன்னீங்கள்ல? நடந்து போற பொம்பளைக்கு எத்தனைங்க?"

"அது வந்து... நடக்குறவங்களுக்கு அந்த ஃபார்ம்ல கணக்கு இல்ல."

"கணக்கே இல்லையா?"

"இல்ல."

"நல்ல படிப்பு படிச்சீங்க போங்க" என்று தோசைக் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதி வெந்த தோசையை நானே திருப்பிப்போட்டுத் தின்றேன்.

4. நடந்து வந்தவர்கள்

மறுநாள் காலை அந்தச் சாலை மெயின் ரோட்டில் சேரும் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ரோஷம்தான். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு பெரியவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். துண்டுத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்த என்னை ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"எங்களையுமா எண்ணுறீங்க? அப்ப செத்த இருங்க சார். பின்னாடி இன்னும் வாராங்க."

அங்கே நின்று பேசியதில் இன்னொன்றும் தெரிந்தது. பிள்ளைகளைப் படிக்கவைக்க அறந்தாங்கியில் வாடகைக்குப் போனவர்கள், சொந்தக்காரர் வீட்டில் விட்டவர்கள், நிறுத்தியே விட்டவர்கள் என்று ஒரு கூட்டம் அந்தச் சாலைக்கே வருவதில்லை. சாலை கெட்டதால் வண்டி வரவில்லை. வண்டி வராததால் நாங்கள் சாலை போடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு விருந்தாளியே வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட கதைதான். இத்தனை வருஷ சர்வீஸில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

அதை எழுதி, பஸ் ஏன் நிறுத்தப்பட்டது என்று டெப்போவில் கடிதமும் வாங்கி, மேடத்திடம் கொடுத்தேன்.

"நடக்குறவங்களை எண்ணச் சொல்லி எந்த ரூல்ல இருக்கு?"

"எதுலயும் இல்லைங்க மேடம்."

"யாரு எண்ணச் சொன்னா?"

"வீட்லங்க."

இந்த முறை அவர் சிரித்ததும் நான் ஜாக்கிரதையாகச் சும்மா இருந்தேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அடுத்த வருஷத்துப் பட்டியலில் அந்தச் சாலையை 'நின்றுபோன பஸ் தடம்' என்ற காரணத்தோடு முன்னால் வைத்தார். அனுமதி வந்தது. ஜல்லி வந்தது, தார் வந்தது, பஸ் வந்தது. முருகையன் பஸ்ஸுக்கு மாலை போட்டான், டிரைவருக்குத் துண்டு போட்டான். எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தான்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: படிவத்தில் இருப்பவர்கள் எப்படியோ சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டவர்கள். பட்டியல் அனுப்புவதற்கு முன்னால், வராதவர்கள் யார் என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பட்டியலுக்குப் பிறகு கேட்டால், நம்மைப் பொறுத்தவரை அடுத்த வருஷம் சேர்த்துவிடலாம். அவர்களுக்கு அப்படி இல்லை.

போன பொங்கலுக்கு அபிநயா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசி வருஷம் படிக்கிறாள். காலேஜ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு மாமா. கிளாஸ்ல எல்லாப் புள்ளைகளும் என்னைய அக்கா அக்காங்குறாங்க."

"பரவால்லையே! லீடரா ஆக்கிட்டாங்களா?" என்றேன், பெருமை தாங்காமல்.

"அதெல்லாம் இல்ல மாமா. அவங்கள விட எனக்கு ஒரு வயசு கூடல்ல, அதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.