ஆறு பீரும் ஒரே கிளாஸில்

மச்சான் பெங்களூரில் வேலை பார்க்கிறான். இன்று மதியம், பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப்போனான்.

ருசி பார்க்க ஆறு குட்டிக் கிளாஸ்களில் ஆறு வகை பீர் வந்தது.

"இத்தினியூண்டு கிளாஸ்ல எவ்ளோ நேரம் குடிச்சிகினு இருக்கிறது?" என்று ஆறையும் ஒரு பெரிய கிளாஸில் ஊற்றிக் குடித்து முடித்தேன். மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அப்போது பார்த்து, காய்ச்சியவரே எங்கள் மேசைக்கு வந்தார். தமிழ்க்காரர். "எது சார் பிடிச்சுது?" என்று ஆசையாகக் கேட்டார்.

"எல்லாம் ஒண்ணாதாங்க இருக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவன் நான். போன வாரம் சேத்துப்பட்டிலிருந்து வந்த ஓர் அம்மா என் கடையில் இதே வார்த்தையைச் சொன்னார். "அப்ப வேற கடை பாருங்க" என்று விரித்த புடவைகளை அவர் முன்னாலேயே மடித்து வைத்தேன்.

பீர்க்காரரோ சிரித்துக்கொண்டே மறுபடியும் ஆறு குட்டிக் கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தார். "இப்ப ஒண்ணொண்ணா குடிச்சுப் பாருங்க சார்."

அவர் முகத்தைப் பார்க்காமலேயே குடித்தேன். ஆறும் வேறு வேறுதான்.

சேத்துப்பட்டு நண்பர்களே, அந்த அம்மாவைத் தெரிந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள். முதல் புடவையிலிருந்து விரித்துக் காட்டுகிறேன். எனக்கு எங்கே புத்தி வந்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.