இலை உதிர்ந்ததற்குச் சத்தியம்

உடப்பு என்ற ஊரை விட்டு நடக்கும்போது பையில் ஒரு சட்டை, ஒரு துவாய், அடையாள அட்டை. யுத்த காலம், அட்டை இல்லாமல் அடுத்த சந்தியைத் தாண்ட முடியாது. பின்னால் மிளகாய்த் தோட்டத்துக்காரர் கத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை.

அவருடைய செடிகள் ஒரு கிழமையாக இலை உதிர்த்தன. தண்ணீர் இறைத்தவன் நான். மன்னாரிலிருந்து ஓடி வந்தவன், ஊரில் சொந்தமென்று யாருமில்லை. எதையோ ஊற்றிவிட்டேன் என்று முடிவுகட்டி, அம்மன் கோவிலுக்குக் கூப்பிட்டார். அங்கே எரிகிற கற்பூரத்தைச் சத்தியம் சொல்லிக் கையால் அணைக்க வேண்டும். அணைத்தவனை யாரும் பிறகு கேட்பதில்லை. மறுத்தவன் குற்றவாளி.

"அணைச்சிட்டுப் போய் வேலையப் பாரு. கை சுடுமெண்டு பயமா?"

"பயமில்லை அண்ணை. கிணத்துத் தண்ணியை வாயில வைச்சுப் பாருங்கோ, உப்புக் கரிக்குது. செடி தானாத்தான் இலையைக் கழட்டுது."

"கழட்ட அதுக்குக் கையிருக்கா?"

தோட்டத்தில் கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கை இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற என் படிப்பில் மிஞ்சியது, நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கிப் பார்த்த ஒரு இலைக்காம்புச் சீவல்தான். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறிய கலங்கள், அதாவது உயிரணுக்கள், குறுக்கே வரிசையாக இருக்கும். செடிக்குத் தாங்காத காலம் வந்தால், அந்தக் கலங்களை ஒட்டிவைத்த பசையை அவையே கரைக்கும். கலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். இலை விழும். தண்டில் புண் இருக்காது, தக்கை மூடிவிடும். குளத்தில் மிதக்கும் அசோலா என்ற சிறு செடி, வேரையே இப்படி விட்டுவிடும்.

விழுந்த இலையொன்றை எடுத்துக் காட்டினேன். "பிய்ச்சதெண்டால் நார் கிழிஞ்சிருக்கும். இதைப் பாருங்கோ, வழுவழுப்பா இருக்குது."

"நஞ்சு ஊத்தினாலும் அப்படித்தானடா விழும்!"

இலையைக் கீழே போட்டேன். கற்பூரத்தை அணைத்திருந்தால் படுக்க இடமும் இரண்டு நேரச் சோறும் தங்கியிருக்கும். ஆனால் மன்னாரிலிருந்து ஒவ்வொரு சோதனைத் தடையிலும் நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லியே வந்தவன் நான். நீட்டிய துவக்குக்கு முன்னால் சொன்னேன், வேறு வழியில்லை. ஒரு மிளகாய்ச் செடிக்காக அதையே சொல்ல மாட்டேன்.

"அணைக்க மாட்டன்," என்று சொல்லிப் பையை எடுத்தேன்.

பாதி வழி நடை, பாதி வழி கருவாட்டு லொறி. விடிந்தபோது கற்பிட்டிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஒரு மீனவர் வாடியில் நின்றேன். உடப்பிலிருந்து வருகிறேன், வேலை வேண்டும் என்றேன். வலைக்குச் சொந்தக்காரரான முஸ்லிம் சம்மாட்டி, தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"உடப்ப ஏன் தம்பி உட்டுட்டு வந்த?"

"சத்தியம் பண்ணச் சொன்னாங்கள் நானா. மாட்டனெண்டன்."

"அப்ப கள்ளனெண்டு சொல்லீப்பானுகளே."

"ஓம், சொன்னாங்கள்."

"செஞ்சியா?"

"இல்லை."

என் கைகளைப் பார்த்தார். "சரி, அந்தாக் கடைசி ஆள். அவருக்குப் பின்னால போய் வலக் கயித்தப் புடி."

போய்ப் பிடித்தேன்.