புகைக்காதவளின் பாட்டில்

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவள் எல்லோருக்கும் 'பாட்டில் அக்கா'. பத்தொன்பது வருடமாகச் சிறுநீர்ப் பாட்டில்களை வாங்கிச் சீட்டு ஒட்டி அடுக்குகிறவள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஒரு பாட்டிலும் மாறியதில்லை.

அந்த வருடம் டாக்டரம்மா ஒருவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். புகையிலைச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் கொஞ்சம் இலையிலேயே தங்கிவிடும். பற்றவைத்தால் புகையோடு நுரையீரலுக்குள் போய் ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அதை உடைத்துப் போட, சிறுநீரகம் வெளியே தள்ளும். எவ்வளவு, எத்தனை நாளில் என்று பார்க்கப் புகைப்பவர் முப்பது பேர், புகைக்காதவர் முப்பது பேர்.

முடிவு வந்தபோது, புகைக்காதவர்களில் ஒரு தையற்காரியின் சிறுநீரில் மட்டும் மருந்தின் அளவு எகிறி நின்றது.

"சீட்டு மாறியிருக்கும், இதை எடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "மாறலைம்மா. என் கை தப்பியிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஒரு வாரம் குடுங்க, நான் பாத்துட்டு வரேன்."

மறுநாளே தையற்காரியின் வீட்டுக்குப் போனாள். ஜன்னல் இல்லாத பின்னறையில் தையல் மெஷின். பக்கத்து முக்காலியில் புருஷன், பட்டன் தைத்துக்கொண்டே ஒன்று மாற்றி ஒன்றாக ஊதிக்கொண்டிருந்தான். நெருப்பு அவன் வாயில், புகை இவள் நெஞ்சில்.

அக்கா கத்தவில்லை. விஷயத்தைச் சொன்னாள். "நான்தானே பிடிக்கிறேன், அவளுக்கு என்ன?" என்று தொடங்கியவன், அறையில் சுழன்ற புகையைப் பார்த்ததும் கையிலிருந்த சிகரெட்டை அணைத்தான். நான்கு நாள் தெருவில்தான் பிடிப்பதாக ஒப்புக்கொண்டான். காய்கறியிலும் பூச்சிமருந்து இருக்கும், அதனால் சாப்பாடு மட்டும் எப்போதும்போல இருக்கட்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தினமும் விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பாட்டிலைத் தானே வாங்கி வந்தாள்.

முதல் நாள் அளவு லேசாக இறங்கியது. மூன்றாம் நாள் பாதிக்கும் கீழே. எல்லா மருந்தும் இப்படிச் சீக்கிரம் போகாது, கொழுப்பில் ஒட்டுகிற சில வகை மருந்து மாதக்கணக்கில் அசையாது என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு, "உங்க மேல சந்தேகப்பட்டது என் தப்பு," என்றார். புகைப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களை ஆய்வில் மூன்றாவது குழுவாகச் சேர்த்தார்.

ஆய்வுக் கூட்டத்தில் அக்காவை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள்.

"ஒத்து வரலைன்னு ஒரு பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க. அதைக் குடுத்தவங்க வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க."

கைதட்டல் ஓயுமுன் கீழே இறங்கினாள். மதியத்துப் பாட்டில்கள் வந்து காத்திருந்தன. நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள்.