அப்பாவுக்குக் கிடைத்த அடிக்குறிப்பு

இன்று எங்கள் ஊர் காஜா பேராங்கில், தெருவோர ஒட்டுக்கடையில் ஒரு கல்லூரி மாணவி என்னைத் தேடி வந்தாள். ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம்.

"அங்கிள், ஸ்கூல் திடல்ல மரவள்ளி நட்ட கதை எங்க லெக்சரர் புக்ல இருக்கு. சொன்னது யாருன்னு இல்ல. 'உள்ளூர்க்காரர் ஒருவர்'னு மட்டும் போட்டிருக்காரு. பேரில்லாம நான் எப்படி எழுதறது? கேட்டுப் பார்த்தேன், எல்லாரும் உங்களக் கை காட்டுறாங்க."

கதையைச் சொன்னவர் என் அப்பா. கேட்டு எழுதிக்கொண்டு பெயரை விட்ட அந்த லெக்சரர் என் பழைய நண்பன். புத்தகம் வந்த அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்தினேன்.

"எங்கப்பா முத்தையா" என்றேன்.

"அவரோட அப்பா பேரும் சொல்லுங்க அங்கிள். அடிக்குறிப்புல முழுசா போடணும்."

சொன்னேன். தே தாரேக் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

கட்டுரையைத் திருத்தப்போவதும் அந்தப் பழைய நண்பனேதானாம். எத்தனை மார்க் போடுவான் என்று நினைக்கிறீர்கள்?